நாக்கில் தங்கிய பெயர்

மறைமலை நகர் என்ற ஊர்ப் பெயர் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அந்த மனிதரின் பெயரோ இன்னொரு பெயரிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம், தனித்தமிழ் மேல் கொண்ட பற்றினால் தம் பெயரை இரண்டாகப் பிரித்தார். வேதம் ‘மறை’ ஆயிற்று, அசலம் ‘மலை’ ஆயிற்று, முன்னால் இருந்த சுவாமி பின்னால் போய் ‘அடிகள்’ ஆயிற்று. பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த அவர் நினைவாக, அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே அமைந்த துணைநகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சொல்லைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் நேரான தமிழை வைத்துத் திரும்பக் கட்டும் முறைக்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒலி முழுவதும் மாறியும் பொருளில் ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

அதே முறையில் கட்டப்பட்ட இன்னொரு பெயரைப் பற்றியது இந்தக் கட்டுரை. நீலநாக்கு நோய். செம்மறி ஆடுகளைத் தாக்கும் வைரஸ் நோய் இது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு சிறு பூச்சி கடித்துப் பரப்புவது. கால்நடை மருந்தகச் சுவரொட்டிகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் தமிழில் இப்பெயரே வழங்குகிறது. கேட்டவுடன் புரிவதால், இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும் என்றே தோன்றாது. ஆனால் கடல் கடந்து, மூன்று மொழிகள் வழியாக வந்த பெயர் இது. வழியில் இந்தப் பெயரிடம் தோற்றுப்போன பழைய பெயர் ஒன்றும் உண்டு. அந்தத் தோற்ற பெயருக்காகத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைமலை நகரிலிருந்து சாலையோடு வடக்கே சில கிலோமீட்டர் போனால் பொத்தேரியை ஒட்டிக் காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. அங்கு வளர்க்கப்படும் இனங்களில் முக்கியமானது மெட்ராஸ் சிவப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக்கே உரிய செம்மறி இனம் அது. கம்பளி கிடையாது, உடம்பில் முடிதான். நிறம் செம்பழுப்பு. சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளைத் தீற்றல் இருக்கும். இறைச்சிக்காக வளர்ப்பது. ஒரகடம் சாலையில் கார் ஆலைகளின் சுற்றுச்சுவர்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஏரிக்கரைகளில், சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்றபடி நகரும் மந்தைகளில் இந்தச் சிவப்பைப் பார்க்கலாம்.

‘செம்மறி’ என்ற சொல்லே நிறத்தில் தொடங்குகிறது. செம்மை, மறி. மறி என்றால் ஆட்டின் இளங்குட்டி, பிறகு ஆட்டுக்கே பொதுப்பெயர். இதற்கு இணையாக மறுபக்கம் நிற்பது ‘வெள்ளாடு’. நம் ஊர் வெள்ளாடுகளில் கறுப்பும் பழுப்பும்தான் மிகுதி. ஆனாலும் பெயர் வெள்ளையிலேயே நின்றுவிட்டது. அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எதிரே ஆடு நிற்கிறது, நிறத்தைப் பார்த்து யாரும் அதை ஆடா என்று முடிவு செய்வதில்லை. நோயின் பெயரில் ஒரு நிறம் ஏறும்போது அப்படி இருக்க முடியாது. நோய் கண்முன் நிற்பதில்லை. அடையாளத்தைக் கொண்டுதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் ஓர் அடையாளத்தைச் சொன்னால் கண் அதைத்தான் முதலில் தேடும்.

நீலநாக்கு எங்கிருந்து வந்தது? நேரடித் தாய் ஆங்கிலத்தின் ‘புளூ டங்’. தெலுங்கில் நீலி நாலுக, கன்னடத்தில் நீலி நாலிகெ. தென்மொழிகள் எல்லாம் தத்தம் ‘நா’வை வைத்து ஒரே சொல்லைப் பெயர்த்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கும் அது சொந்தமில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழிவந்த போயர் உழவர்கள் வைத்த ‘ப்ளௌடோங்’ என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்புதான் ஆங்கிலப் பெயர். ப்ளௌ நீலம், டோங் நாக்கு. ஆக, வேதாசலம் மறைமலை ஆன அதே வழியில் ஆப்பிரிக்கான்ஸ் ஆங்கிலமாகி, ஆங்கிலம் தமிழாயிற்று.

இன்னும் பின்னால் போனால் 1780-களின் தொடக்கம். நன்னம்பிக்கை முனைப் பகுதியில் 1781 முதல் 1784 வரை சுற்றிய பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெ வயான், அங்கே மாடுகளுக்கு வந்த ஒரு ‘நாக்கு நோய்’ பற்றி எழுதினார். டச்சுக்காரர்கள் அதைச் சொன்னதும் நாக்கை வைத்தே. அவர் கண்டது இதே நோய்தான் என்று பின்வந்தவர்கள் பலர் கருதினார்கள். ஆனால் நோய் பெரிதாக வெளிப்பட்டது செம்மறிகளில்தான். கம்பளிக்காக ஐரோப்பாவின் மெரினோ இனம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளின் இரத்தத்தில் ஓசைப்படாமல் சுற்றிக்கொண்டிருந்த வைரஸுக்கு, அதை முன்பின் பார்த்தறியாத இலட்சக்கணக்கான உடம்புகள் கிடைத்தன. மந்தை மந்தையாக மடிந்தன.

கேப் காலனியின் அரசுக் கால்நடை மருத்துவரான ஹட்சியன் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1902-இல் வெளிவந்த அவருடைய விரிவான குறிப்பில் இந்த நோய்க்கு இருந்த பெயர் நீலநாக்கு இல்லை. ‘மலேரியல் கேட்டரல் ஃபீவர்’ என்று இருந்தது. தமிழில் விரித்தால், மலேரியாத் தன்மை கொண்ட, மூக்கொழுகும் காய்ச்சல். தோற்ற பெயர் என்று நான் சொன்னது இதைத்தான்.

மூன்று சொற்களில் நடுவில் உள்ளது மூக்கிலும் வாயிலும் நீர் ஒழுகுவதைச் சொல்கிறது. கடைசிச் சொல் காய்ச்சல். முதற்சொல்தான் நின்று பார்க்க வேண்டியது. ‘மலேரியா’ இத்தாலியத்தில் ‘கெட்ட காற்று’. சதுப்பு நிலத்தில் இரவில் எழும் காற்று நோயைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினார்கள். அந்தக் காற்றில் இருந்தது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டார். நம் நாட்டில், நமக்கு அருகில் நடந்த கண்டுபிடிப்பு அது. அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து ஹட்சியன் அச்சிட்ட பெயரில் ‘மலேரியல்’ என்று இருந்ததற்குக் காரணம், நோய் வந்த இடமும் காலமும். மழைக்குப் பின், தாழ்ந்த நிலத்தில், நீர் தேங்கும் பள்ளத்தாக்குகளில், இரவைத் திறந்த வெளியில் கழித்த மந்தைகளில் நோய் வந்தது. மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போனவர்களின் ஆடுகளும், பொழுது சாயும் முன்பே கொட்டிலில் அடைத்தவர்களின் ஆடுகளும் பெரும்பாலும் தப்பின. முதல் உறைபனி விழுந்ததும் நோய் நின்றது. கேப் உழவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு முழுவதும் ‘மலேரியல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தது.

ஸ்ப்ரூல் என்ற கால்நடை மருத்துவர் 1905-இல் அந்தச் சொல்லை வெட்டினார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலேரியா என்றால் இரத்தச் சிவப்பணுக்குள் வாழும் ஒட்டுண்ணி என்ற பொருள் அதற்குள் நிலைபெற்றுவிட்டது. இந்த ஆடுகளின் இரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே மலேரியல் என்பது பிழை என்று தள்ளிவிட்டு, உழவர்கள் வாயில் வழங்கிய பெயரையே ஆங்கிலப்படுத்தி ‘புளூ டங்’ என்று வைக்கலாம் என்றார். அறிஞர் கட்டிய பெயரை விட்டு மக்கள் பெயரை எடுத்தது பாராட்ட வேண்டிய செயல். அடுத்த ஆண்டு ஆர்னால்ட் தெய்லர், நோய்க்கிருமி நுண்வடிகட்டியையும் கடந்து போகக் கூடியது என்று காட்டினார். இன்றைய சொல்லில் வைரஸ். ஒட்டுண்ணி இல்லை என்று ஸ்ப்ரூல் சொன்னது சரியாயிற்று.

ஆனால் ஒட்டுண்ணியைத் தூக்கி எறிந்தபோது சதுப்பும் மழையும் அந்தியும் சேர்ந்தே போய்விட்டன. டு டாய்ட் என்ற ஆராய்ச்சியாளர், கடிக்கும் சிறு பூச்சியான கியூலிகாய்டஸ் இந்த வைரஸைக் கொண்டு செல்கிறது என்று 1944-இல் மெய்ப்பித்தார். பெயரிலிருந்து பூச்சியின் வாடை நீக்கப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, பூச்சிதான் காரணம் என்று உறுதியாயிற்று. காரணத்தைத் தவறாகச் சொன்ன பெயர், வழியைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். பிரெஞ்சு மொழியில் இன்றும் அரசாங்கப் பெயர் ‘செம்மறியின் மூக்கொழுகும் காய்ச்சல்’ என்றே இருக்கிறது. இத்தாலியத்திலும் அப்படியே. பழைய பெயரின் நடுச் சொல்லும் கடைச் சொல்லும் அங்கே பிழைத்துக்கொண்டன. முதற்சொல் அங்கேயும் பிழைக்கவில்லை.

(தெய்லரைப் பற்றி ஒரு செய்தி. அவருடைய மகன் மேக்ஸ் தெய்லர், மனிதருக்குக் கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டதற்காக 1951-இல் நோபல் பரிசு பெற்றார். தந்தை ஆட்டின் நீலத்திலும் மகன் மனிதரின் மஞ்சளிலும் உழைத்தார்கள். இரண்டும் பூச்சி கொண்டுவரும் வைரஸ்கள்.)

இனி இந்தப் பெயர் தமிழுக்குள் வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். சொற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தாலும், போய்ச் சேரும் வீட்டில் அவற்றுக்கு வேறு உறவுகள் அமைகின்றன. ‘நீல்’, ‘நீலம்’ சங்க நூல்களிலேயே உள்ள சொற்கள். வடமொழி ‘நீல’வோடு அவற்றின் உறவு குறித்த வாதம் இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது பேச்சு வழக்கு. தமிழில் உடம்போடு நீலம் சேர்ந்தால் அது நஞ்சு. பாம்பு தீண்டியவரைப் பற்றி ‘உடம்பெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு’ என்பார்கள். ஆலகாலம் உண்ட சிவன் நீலகண்டன். ‘நாக்கு’ப் பக்கமும் ஒரு நிழல் உண்டு. சொன்னது பலிக்கும் என்று அஞ்சப்படுபவருக்குக் கருநாக்கு என்பது பட்டம். ஆக, ‘நீலநாக்கு’ என்று ஓர் அதிகாரி சொன்னால் ஆடு மேய்ப்பவர் காதில் விழுவது, ஏதோ விஷம் தின்ற நாக்கு. மேய்ச்சலில் எதைக் கடித்ததோ, எந்தப் பூண்டைத் தின்றதோ என்று மனம் வாய்வழி வந்த நஞ்சைத் தேடும். நோயோ வாய்வழி வரவில்லை, தோல்வழி வந்தது. போயர் உழவருக்கு வெறும் நிறமாக இருந்த சொல், தமிழில் ஒரு காரணத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டது.

நாக்கு நீலமாவதன் காரணம் வேறு. இந்த வைரஸ் இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் பழுதானதும் நீர் கசிந்து முகம், உதடு, நாக்கு, தொண்டை வீங்குகின்றன. வீங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் தேங்கி, உயிர்க்காற்று குறைந்து, தசை கருநீலமாகிறது. ஆனால் இந்த நிலைக்கு வருபவை கொஞ்சம்தான். பெரும்பாலான நோயாடுகளின் நாக்கு சிவந்திருக்கும், அல்லது புண்ணாகியிருக்கும், அல்லது வீங்கியிருக்கும். நீலமாக இராது. முதலில் காய்ச்சல், 105, 106 டிகிரி வரை. பிறகு மூக்கொழுகல், அது காய்ந்து மூக்கு ஓரம் பொருக்குத் தட்டும். உதட்டின் உள்ளே புண். எச்சில் வழியும். குளம்பு தோலோடு சேரும் விளிம்பில் சிவந்த கோடு விழுந்து ஆடு நொண்டும், சில முழங்காலிட்டே நகரும். சினையாட்டின் கரு சிதையும். நோய் தெளிந்தாலும் தசை வலுவிழந்த ஆடு தேற மாதங்கள் ஆகும்.

மழைக்காலத்துக் காலை ஒன்றில் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நொண்டும் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘நீலநாக்கா இருக்கும் பெரியவரே’ என்று மருத்துவர் சொன்னால், அவர் ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ‘நாக்கு செவசெவன்னுதானே கீது சார், காணைதான் இது’ என்பார். அவர் சொல்வதில் தவறில்லை. வாயிலும் குளம்பிலும் புண் வந்தால் அது காணை, அதாவது கோமாரி, என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ஆனால் காணை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேரே ஒட்டுவது. நோயாட்டைப் பிரித்துக் கட்டினால் பயன் உண்டு. நீலநாக்கு ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொட்டு ஒட்டுவதில்லை. பிரித்துக் கட்டிய ஆட்டைக் கடித்த பூச்சி பறந்துபோய் நல்ல ஆட்டைக் கடிக்கும். தனியே கட்டுவதோடு நின்றுவிட்டால் மந்தை தப்பாது. பெயர் சரியான இடத்தில் விரலை வைத்திருந்தால் அந்தப் பெரியவர் அன்று மாலையே வேறு வேலை செய்திருப்பார்.

நம்முடைய பழைய நோய்ப் பெயர்கள் இதில் தேர்ந்தவை. ‘துள்ளுமாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் தளிர்த்த புல்லை ஆவலாய் மேய்ந்த கொழுத்த குட்டி, குடலில் பெருகிய நுண்ணுயிரின் நஞ்சேறி, துள்ளி விழுந்து சாகும். துள்ளுவதும் சாவதும் பெயரில் இருக்கின்றன. ‘மாரி’ இன்னும் ஆழமானது. தமிழில் மாரி என்றால் மழை, மழைக்காலம். வடமொழியில் அதே ஒலியுள்ள சொல்லுக்குக் கொள்ளைநோய் என்று பொருள். இரண்டும் தனித்தனி வேர்களாக இருக்கலாம். ஆனால் அம்மன் கோவில் வாசலில் அவை ஒன்றாகிவிட்டன. மழையைத் தருபவளும் அவளே, முத்துப் போடுபவளும் அவளே. கோமாரி, துள்ளுமாரி என்று கால்நடை நோய்களில் வரும் ‘மாரி’யைக் கேட்கும் உழவருக்கு, மழைக்கும் மந்தையின் அழிவுக்கும் உள்ள தொடர்பு அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. ஹட்சியனின் ‘மலேரியல்’ எதைச் சுட்டியதோ அதையே நம் ‘மாரி’யும் சுட்டுகிறது. ஒலி ஒற்றுமை தற்செயல். பொருள் ஒற்றுமைக்குக் காரணம், இரு நாட்டு மேய்ப்பர்களும் ஒரே வானத்தைக் கவனித்ததுதான்.

தமிழ்நாட்டில் நீலநாக்கு மாரிக்காலத்து நோய். இந்தியாவில் இது 1960-களின் முற்பகுதியில் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாக அறியப்பட்டது. தொடக்கத்தில் வெளிநாட்டு இனங்களையும் கலப்பினங்களையும் தாக்கும் நோய் என்றே கருதினார்கள். தெற்கே கதை மாறியது. தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் நாட்டுச் செம்மறிகளே கடுமையாக அடிபட்டன. தமிழ்நாட்டில் 1997-98 பருவத்தில் வந்த தாக்குதல் இன்றும் கால்நடை மருத்துவர்கள் நினைவில் நிற்பது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கி, ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழிந்து, கரைகளில் சேறு படியும்போது நோய் தலைகாட்டும். கார்த்திகை, மார்கழியில் உச்சம்.

செங்கல்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்று பெயருண்டு. அந்தப் பூச்சிக்கு வேண்டியதெல்லாம் ஏரிக்கரையில் கிடைக்கிறது. கொசுவைப் போல் நின்ற நீரில் அது முட்டையிடுவதில்லை. சாணமும் அழுகிய தழையும் கலந்த ஈரச் சேறுதான் அதன் பிறப்பிடம். கால்நடைகள் இறங்கி நீர் குடித்த குளம்புத் தடங்களே போதும். மனைப்பிரிவுகளின் மூடாத வடிகால், கசியும் குழாயடி, மாட்டுக் கொட்டகையின் பின்புறக் குழி எல்லாம் அதற்கு ஏற்றவை. ஒரு மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரைதான் நீளம். பெண் பூச்சிதான் இரத்தம் குடிக்கும். வேளை, அந்தி தொடங்கி விடியல் வரை. பலமான காற்றில் அதனால் பறக்க முடியாது. ஆனால் மெல்லிய காற்று அதைத் தூக்கிக்கொண்டு கடலைக்கூடத் தாண்டும். குடித்த இரத்தத்தில் வைரஸ் இருந்தால், அது பூச்சியின் உடம்புக்குள் பெருகி எச்சிலுக்கு வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதன்பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை ஒவ்வொரு கடியும் ஒரு விதைப்பு.

மாடும் எருமையும் இந்தக் கதையில் முக்கியம். அவற்றின் உடம்பில் வைரஸ் வாரக்கணக்கில் தங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு மாடும் இருபது ஆடும் இருந்தால், மாட்டில் தங்கியதைப் பூச்சி ஆட்டுக்குக் கொண்டு போகும். ‘நாக்கு’ என்ற சொல் மாட்டிடம் ஒன்றையும் காட்டித் தராது.

இத்தனை செய்யும் பூச்சிக்குத் தமிழில் எல்லோரும் அறிந்த பெயர் ஒன்று இல்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் கடிப்பவற்றுக்குப் பெயர் வைப்பதில் தமிழ் கஞ்சத்தனம் காட்டிய மொழி இல்லை. உண்பது ‘உண்ணி’ ஆயிற்று. மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டி இரத்தம் உண்ணும் உயிருக்கு இதைவிடத் தெளிவான பெயர் வைக்க முடியாது. கொசுவுக்குப் பழைய வடிவங்கள் ‘கொதுகு’, ‘கொசுகு’. ஈழத்தமிழர் இன்றும் கொசுவை ‘நுளம்பு’ என்றே சொல்கிறார்கள். கியூலிகாய்டஸ் என்ற அறிவியல் பெயருக்கும் பொருள் ‘கொசுவைப் போன்றது’ என்பதுதான், இலத்தீனில் கியூலெக்ஸ் கொசு. நம் கையேடுகள் அதை ‘ஒருவகைக் கொசு’ என்றோ ‘கடிக்கும் ஈ’ என்றோ எழுதுகின்றன. கொசு என்று சொன்னதும் உழவர் தொட்டியைக் கவிழ்த்து, தேங்கிய நீரை வடிப்பார். சேறு அப்படியே இருக்கும். நுளம்பை இந்தச் சிறு பூச்சிக்கு ஒதுக்கலாமே என்று ஒரு காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாளும் வழங்கும் சொல்லை இங்கே வேறு பொருளில் நடத்துவது முறையில்லை.

இதே பிசகு இன்னொரு நோயின் பெயரிலும் நடந்திருக்கிறது. 2019-இல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளை ஆயிரக்கணக்கில் வீழ்த்திய லம்பி நோய் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இங்கே அதற்குத் ‘தோல் கழலை’ என்றும் ‘பெரியம்மை’ என்றும் பெயர். இரண்டாவது பெயர் மனிதரிடமிருந்து மாட்டுக்குப் போனது. உலகமே 1980-இல் விடைகொடுத்து அனுப்பிய நோயின் பெயர் இப்படித் திரும்பி வந்தது கண்டு மக்கள் அஞ்சினார்கள். மாட்டின் தோல் கழலை மனிதருக்குத் தொற்றுவதில்லை. மனிதப் பெரியம்மை வைரஸும் அது இல்லை, ஆட்டம்மை வைரஸின் உறவு. அதனால்தான் ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டார்கள்.

அந்த நோய் 1929-இல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் தென்பட்டபோது அதற்கு வைத்த பெயரும் பிறகு தோற்றுப்போனது. அப்போது அது ‘போலித் தடிப்பு’. பூச்சிக்கடி ஒவ்வாமல் தோல் தடிப்பது போல் இருந்ததால், அல்லது ஏதோ நஞ்சு என்று எண்ணியதால், அப்படிச் சொன்னார்கள். தொற்று நோய் என்று 1940-களில் தெளிவானதும் பழைய பெயர் கைவிடப்பட்டது, கட்டி பெயரானது. பின்னால் ஆராய்ந்தபோது, கட்டியைக் கொண்டு சேர்ப்பவை தொழுவத்து ஈயும் கொசுவும் உண்ணியும் என்று தெரிந்தது. இங்கும் முதற்பெயர் பூச்சியின் பக்கத்தில் நின்றிருந்தது.

தோல் திடீரென்று தடித்துச் சிவந்து அரித்தால் தமிழில் அதற்கு ஒரு பெயர் உண்டு: காணாக்கடி. கடித்ததைக் காணவில்லை, கடி மட்டும் தெரிகிறது. மருத்துவம் வேறு காரணங்களைச் சொன்னாலும், உடம்பில் தெரியும் ஒன்றுக்குப் பின்னால் கண்ணில் படாத ஓர் உயிர் வந்துபோயிருக்கிறது என்ற எண்ணத்தை இந்தச் சொல் உண்டாக்குகிறது. மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி அந்தியில் கடித்துவிட்டுப் போக, ஒரு வாரம் கழித்து ஆட்டுக்கு நாக்கு வீங்கும் நோயைச் சொல்ல இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. நீலநாக்கை நீக்கிவிட்டு இதை வை என்று நான் கேட்கவில்லை. அச்சிலும் பாடத்திலும் தடுப்பூசிப் புட்டியிலும் ஏறிய பெயரை இனி இறக்க முடியாது. ‘இது காணாக்கடியில வர்ற சீக்குங்க, அந்தியில பட்டிய சேத்துல போடாதீங்க’ என்று மருத்துவர் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் போதும். ஸ்ப்ரூல் வெட்டியதில் பாதி திரும்பக் கிடைத்துவிடும்.

சொல்லித்தரும் வேலையும் அதன்பின் எளிது. பட்டியை ஏரிக்கரையிலிருந்து மேட்டுக்கு மாற்றுவது, பொழுது சாயுமுன் அடைப்பது, வேப்பிலை மூட்டம் போடுவது, சாணத்தையும் மூத்திரச் சேற்றையும் அன்றாடம் வாருவது, மின்வசதி இருந்தால் கொட்டகையில் விசிறி ஓட விடுவது. காற்றில் அந்தப் பூச்சி நிற்காது. மூட்டம் போடுவது நம் மேய்ப்பர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது. கிடை ஆடுகளை மழைக்காலத்தில் மேட்டுக்கு ஓட்டுவதும் புதிதில்லை. நோயின் பெயர் இந்தப் பழக்கங்களோடு ஒட்டாமல் தனியே நின்றதால், இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்கின்றன.

தடுப்பூசிக்கும் பருவம்தான் முக்கியம். இந்த வைரஸில் 24-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு இன்னொன்றை முழுமையாகத் தடுக்காது. அதனால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய திட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்து, இங்கே மிகுதியாகச் சுற்றும் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளைச் சேர்த்து, கொல்லப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார்கள். 2015-இல் அது வெளிவந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. ஊசி போட்ட அன்றே ஆட்டுக்குக் காப்பு வந்துவிடாது, சில வாரங்கள் வேண்டும். நாக்கு வீங்குவதைப் பார்த்துவிட்டு மருந்தகத்துக்கு ஓடினால், ஊசி அந்த மழையை முந்த முடியாது. ஒரகடம் பக்கத்து மந்தைகளுக்கு ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ, ஏரியில் இன்னும் தரை தெரியும்போதே, போட்டு முடித்திருக்க வேண்டும்.